ராணுவம் பிடித்தால் எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம்?

அருவங்காடு ரகு:
வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அக்கா மகன் காலேஜ் மூன்றாம் வருஷம். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு போய், மேகம் இறங்குவதைப் படம் எடுக்கிறேன் என்று ட்ரோன் விட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு ராணுவ வளாகம். எது என்று எழுத வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். காவலுக்கு நின்ற ஜவான்கள் வந்து ட்ரோனையும் போனையும் வாங்கிக்கொண்டு, பையனை உள்ளே ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. டீயும் பன்னும்கூடக் கொடுத்தார்களாம். ஆனால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கொள்ளவா என்று கேட்டதற்கு "சாப் வரட்டும்" என்பது மட்டும்தான் பதில். காலையில் பிடித்தவனை இருட்டிய பிறகுதான் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை அக்கா குன்னூர் பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, கூட்டாளிகள் வீடு என்று அலைந்தது எங்களுக்குத்தான் தெரியும். போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டது.

போலீஸ் பிடித்தால் 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ராணுவம் பிடித்தால் என்ன கணக்கு? அமெரிக்காவில் சொந்தக் குடிமகனையே ராணுவம் விசாரணை இல்லாமல் வைத்திருக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம், இங்கேயும் அதுதான் வரப்போகிறது என்று சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார். உண்மையா?

மலைக்காற்று:
ப்ரோ, ராணுவ இடத்தில் ட்ரோன் விட்டால் மாலை போட்டா வரவேற்பார்கள்? டீ, பன் கொடுத்ததே பெரிசு. வேற நாடாக இருந்தால் சுட்டிருப்பார்கள். பார்டரில் அவர்கள் நிற்பதால்தான் நாம் இங்கே உட்கார்ந்து உரிமை, உரிமை என்று டைப் அடிக்கிறோம்.

உதகை வக்கீல்:
தம்பி மலைக்காற்று, பையன் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. 2021 ட்ரோன் விதிகள்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. 250 கிராமுக்குள் இருக்கும் குட்டி ட்ரோனுக்கும் அதே விதிதான். அதற்குமேல், 1923ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ராணுவ இடங்கள் அதில் தடைசெய்யப்பட்ட இடங்கள். படம் எடுத்ததற்காக அதில் வழக்குப் போட்டிருந்தால் பையன் பாடு பெரும்பாடு.

ரகு கேட்டது வேறு. கலவரப் பகுதிகளில் ராணுவத்துக்குத் தனி அதிகாரம் தரும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நீலகிரியில் அமலில் இல்லை. ஆகவே வாசலில் நிற்கும் ஜவானுக்குத் தனியான கைது அதிகாரம் கிடையாது. உனக்கும் எனக்கும் இருப்பதுதான் அவருக்கும். தன் கண்ணெதிரே பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் நடந்தால் போலீஸ் அல்லாத எவரும் ஆளைப் பிடிக்கலாம். பிடித்தவர் அநாவசியத் தாமதம் இல்லாமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த வாசகம் மட்டும்தான் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது: ஆறு மணி நேரம். அந்தக் கெடுவை ராணுவ வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்பது என் சந்தேகம்.

அப்புறம், அந்த போன் விஷயம். போலீஸ் கைதுசெய்தால் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் சொல்லியாக வேண்டும். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதி, இப்போது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 'சாப்' வரும்வரை காத்திரு என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஜெகதளா சுபேதார்:
நான் ஓய்வுபெற்ற ஆள். பல வருஷம் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் இருந்தவன். வக்கீல் சார் சொல்வது சரி, ஆனால் காவலுக்கு நிற்கும் பையனின் நிலைமையையும் பாருங்கள். அவன் வயது இருபத்திரண்டு. தலைக்குமேல் ட்ரோன் பறந்தால் அது காலேஜ் பையன் விட்டதா, வேறு யாராவது விட்டதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தானாக விட்டுவிட்டால் நாளைக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் மேலே சொல்கிறான், மேலே இருப்பவர் அதற்கு மேலே சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேறு. நேரம் போய்விடும்.

சிறப்பு அதிகாரச் சட்டம் இருந்த இடத்தில் நாங்கள் எப்படி வேலை செய்தோம் என்றும் சொல்கிறேன். வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல ஆளைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. 4ஆம் பிரிவு பிடியாணை இல்லாமல் கைதுசெய்யலாம் என்கிறது. ஆபீசர்தான் வேண்டும் என்றில்லை, ஒரு நாயக் இருந்தாலும் போதும். ஆனால் அடுத்த பிரிவே, பிடித்தவரை முடிந்தவரை சீக்கிரம் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படை என்கிறது. 1997இல் உச்ச நீதிமன்றம், ராணுவத் தலைமையகம் வகுத்த செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை பட்டியல் எங்களைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது. பிடித்த ஆளின் பெயர், ஊர், பிடித்த இடம், நேரம், கையில் என்ன இருந்தது எல்லாம் எழுதுவோம். டாக்டரிடம் காட்டுவோம். தானாவில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், ஒப்படைத்து ரசீது வாங்குவோம். தேடுதல் முடிந்ததும் ஊர்ப் பெரியவரிடம் 'யாருக்கும் தொந்தரவு செய்யவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை' என்று கையெழுத்தும் வாங்குவோம். அந்தக் காகிதம் இல்லாமல் கம்பெனி திரும்பினால் எங்கள் ஆபீசர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கேத்தி சிவா (டல்லாஸ்):
ரகு அண்ணே, அமெரிக்கச் சமாச்சாரத்தை நான் சொல்கிறேன். வாட்ஸப் மாமா முழுப் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை.

இங்கே வருஷா வருஷம் ராணுவத்துக்குப் பணம் ஒதுக்க ஒரு பெரிய சட்டம் போடுவார்கள். 2012 நிதியாண்டுக்கான சட்டத்தில் 2011 டிசம்பர் 31 அன்று ஒபாமா கையெழுத்துப் போட்டார். ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்த நேரம். அதில் 1021ஆம் பிரிவு, அல் கொய்தா, தாலிபான், அவர்களோடு சேர்ந்த படைகள், இவற்றின் உறுப்பினரையோ, 'கணிசமாக ஆதரவு' கொடுத்தவரையோ சண்டை முடியும்வரை ராணுவம் காவலில் வைக்கலாம் என்றது. சண்டை எப்போது முடியும்? பயங்கரவாதத்துக்கு எதிரான சண்டைக்கு ஏது முடிவு? அங்கேதான் பற்றிக்கொண்டது.

அமெரிக்கக் குடிமகனுக்கு இது பொருந்துமா என்று செனட்டில் பெரிய சண்டை. கடைசியில், 'குடிமக்களைக் காவலில் வைப்பது பற்றி ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை இது மாற்றாது' என்று ஒரு வரி சேர்த்துச் சமாதானம் ஆனார்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சட்டம் என்ன என்பதிலேயே இரண்டு கட்சி! எந்த முடிவும் எடுக்காமல் எல்லாரும் ஜெயித்ததுபோல வீட்டுக்குப் போனார்கள். என் ஆட்சியில் குடிமக்களை அப்படி வைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட அன்றே ஒபாமா எழுதிக்கொடுத்தார். அடுத்த அதிபரை அது கட்டுப்படுத்தாது.

கிறிஸ் ஹெட்ஜஸ் என்ற பத்திரிகையாளரும் வேறு சிலரும் கோர்ட்டுக்குப் போனார்கள். பேட்டி எடுப்பதற்காகத் தீவிரவாத அமைப்புகளைச் சந்திக்கிறேன், அது 'கணிசமான ஆதரவு' ஆகுமா, நான் எப்படித் தெரிந்துகொள்வது என்பது அவர் வாதம். நியூயார்க் மாவட்ட நீதிபதி 2012 செப்டம்பரில் அந்தப் பகுதிக்கு நிரந்தரத் தடையே போட்டார். மேல் கோர்ட் 2013 ஜூலையில் அதைத் தூக்கிவிட்டது. சட்டம் சரி என்று சொல்லவில்லை, உங்களுக்கு வழக்குப் போடத் தகுதி இல்லை என்றது. 2014இல் உச்ச நீதிமன்றம் மனுவை எடுக்கவே இல்லை.

மலைக்காற்று:
அப்போ குடிமகன் யாரையும் பிடித்ததே இல்லை, சும்மா காகிதத்தில்தான் இருக்கிறது. அதுக்கு இவ்வளவு சீனா?

கேத்தி சிவா (டல்லாஸ்):
பிடித்திருக்கிறார்கள் தம்பி, அந்தச் சட்டத்துக்கு முன்னாலேயே. ஹோசே படில்லா அமெரிக்காவிலேயே பிறந்தவர். 2002 மே மாதம் சிகாகோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். ஒரு மாதம் கழித்து, புஷ் கையெழுத்திட்ட ஒரு தாளில் 'எதிரிப் போராளி' ஆகிவிட்டார். தென் கரோலினாவில் கடற்படைச் சிறையில் மூன்றரை வருஷம். ஆரம்பத்தில் ரொம்ப நாள் வக்கீலைப் பார்க்கவே விடவில்லை. உச்ச நீதிமன்றம் கை வைத்துவிடும் என்ற நிலை வந்தபோது சாதாரண கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தண்டனையும் கிடைத்தது. அதாவது சாதாரண கோர்ட்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்னொருவர் யாசர் ஹம்தி. லூசியானாவில் பிறந்தவர், ஆப்கானிஸ்தானில் பிடிபட்டவர். 2004இல் உச்ச நீதிமன்றம், பிடித்து வைக்கலாம், ஆனால் நடுநிலையான ஒருவர் முன்னால் 'நான் அவன் இல்லை' என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்றது. போர் நடக்கிறது என்பதற்காக அதிபருக்கு நிரப்பாத செக் கொடுத்துவிட முடியாது என்று எழுதியது நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். தீர்ப்பு வந்த சில மாதத்தில், குடியுரிமையை விட்டுக்கொடு என்று எழுதி வாங்கிக்கொண்டு ஹம்தியை சவூதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

1942 கதை இன்னும் மோசம். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக ஏறக்குறைய 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த வெட்கத்தில்தான் 1971இல், காங்கிரஸின் சட்டம் இல்லாமல் எந்தக் குடிமகனையும் அடைக்கக் கூடாது என்று தனியாகவே ஒரு சட்டம் போட்டார்கள்.

சேரம்பாடி செல்வி:
'குடிமகன்' 'குடிமகன்' என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். முதலில் அந்தக் காகிதத்தை யார் கொடுப்பது? நாங்கள் சிலோன்காரங்க என்று இந்த மலையில் இன்னும் கூப்பிடப்படும் குடும்பம். தாத்தா அட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கை அரசு ஒரு சட்டம் போட்டு, மலையகத்தில் பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து உனக்கு 5,25,000 எனக்கு 3,00,000 என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எங்கள் குடும்பம் கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப் வந்து, அங்கிருந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. சித்தப்பா பெயர் வேறு கார்டில் இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் கொழும்பில் ஒரு கடையில் நின்றபோது சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். யார் என்று கேட்காதீர்கள், சீருடை போட்டவர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979இல் மூன்று வருஷத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரம் ஆக்கிய சட்டம் அது. அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம், மூன்று மாதமாக 18 மாதம்வரை உள்ளே வைக்கலாம். எங்கே வைப்பது என்பதையும் அமைச்சரே சொல்லலாம். அந்த உத்தரவை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். உதவிப் போலீஸ் அத்தியட்சகர் முன்னால் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகச் செல்லும். சித்தப்பாவிடம் வாங்கியது சிங்களத்தில். அவருக்கு கடைக்கணக்குக்கு வேண்டிய சிங்களம் பேசத் தெரியும், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் இருந்து, வழக்கே இல்லாமல் வெளியே வந்தார். 2022இல் அந்த 18 மாதத்தை 12 ஆக்கியதைச் சீர்திருத்தம் என்று சொன்னார்கள்.

பாட்டி இங்கே சேரம்பாடியில் இருந்துகொண்டு கடிதம் எழுதச் சொல்லுவாள். யாருக்கு எழுதுவது? அவள் கேட்டது ஒன்றுதான்: எங்க இருக்கான்னு மட்டும் சொல்லச் சொல்லு.

சுபேதார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். துப்பாக்கியோடு நிற்பவர் நீட்டும் காகிதத்தில் 'தொந்தரவு இல்லை' என்று எந்த ஊர்ப் பெரியவர் கையெழுத்துப் போட மாட்டார்? அது என்ன சாட்சி?

ஜெகதளா சுபேதார்:
அம்மா, உங்கள் சித்தப்பா கதை படித்து மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இந்திய ராணுவத்தை அதோடு சேர்க்காதீர்கள். இதே மலையில் 2021 டிசம்பர் 8ஆம் தேதி ஜெனரல் ராவத் ஹெலிகாப்டர் விழுந்தபோது, நஞ்சப்பசத்திரம் ஜனங்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பிறகு ராணுவத்தின் பெரிய அதிகாரிகள் அந்த ஊருக்கே வந்து கைகூப்பி நன்றி சொன்னார்கள். எங்களுக்கும் இந்த ஜனத்துக்கும் இருக்கும் உறவு அது.

உதகை வக்கீல்:
சுபேதார் சார், அந்த உறவை யாரும் மறுக்கவில்லை. என் வீட்டிலேயே இரண்டு பேர் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஆனால் அதே டிசம்பரில், நான்கு நாள் முன்னால், 4ஆம் தேதி நாகாலாந்தின் ஓட்டிங் ஊரில் என்ன நடந்தது? நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய ஆறு பேரைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. அடுத்து நடந்ததில் இன்னும் பலர் செத்தார்கள், ஒரு ஜவானும் செத்தார். மாநிலப் போலீஸ் விசாரித்து 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை போட்டது. சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி மத்திய அரசு அனுமதி தந்தால்தான் வழக்கு நடக்கும். அனுமதி தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. பின்னால் எப்போதாவது அனுமதி வந்தால் தொடரலாம் என்று ஒரு வாசலை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள்.

என் பார்வையில் சண்டை 4ஆம் பிரிவோடு இல்லை. கலவரப் பகுதியில் படையை இறக்கினால் ஆளைப் பிடிக்கும் அதிகாரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பிடித்த ஆளை யாரிடம், எத்தனை மணிக்குள், எந்தக் காகிதத்தோடு ஒப்படைக்கிறாய், ஒப்படைக்காவிட்டால் உன்னை யார் கேட்பது, இவைதான் கேள்வி. 5ஆம் பிரிவு 'முடிந்தவரை சீக்கிரம்' என்கிறதே தவிர மணி சொல்லவில்லை. கேட்பவரை 6ஆம் பிரிவு டில்லி வாசலில் நிறுத்திவிடுகிறது. 2005இல் நீதிபதி ஜீவன் ரெட்டி குழு இந்தச் சட்டத்தையே எடுத்துவிடச் சொன்னது. 2016இல் மணிப்பூர் வழக்கில், இந்தச் சட்டம் இருப்பதால் மட்டும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. இரண்டுக்கும் பிறகும் 6ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் பிறப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை அடக்க வைஸ்ராய் லின்லித்கோ 1942 ஆகஸ்ட் 15 அன்று போட்ட அவசரச் சட்டம்தான் இதன் மூலம். அதே மாதம்தான் கீழே சூலூர் விமானத்தளத்தை நம் கோவைக்காரர்கள் கொளுத்தினார்கள். நம்மவர்களை அடக்க எழுதிய வாசகங்களை 1958இல் நாமே எடுத்துக்கொண்டோம்.

கோடை மூர்த்தி:
பழனி மலைப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். கொடைக்கானலில் கோஹினூர் பங்களா என்று ஒன்று உண்டு. காஷ்மீரின் ஷேக் அப்துல்லாவை 1965இலிருந்து 1967வரை அங்கேதான் வைத்திருந்தார்கள். ஹஜ் முடித்துத் திரும்பியவரை டில்லியில் பிடித்து முதலில் ஊட்டிக்குக் கொண்டுவந்து, பிறகு எங்கள் ஊருக்கு மாற்றினார்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி உத்தரவு. விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. ஓர் அரசாங்கக் கையெழுத்துதான். ராணுவத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, பேனா செய்யும் வேலையைத் துப்பாக்கி செய்யாது.

உதகை வக்கீல்:
மூர்த்தி சொன்னது நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். தமிழ்நாட்டில் விசாரணை இல்லாமல் உள்ளே இருப்பவர்களை ராணுவம் உள்ளே வைக்கவில்லை, குண்டர் சட்டம் வைத்திருக்கிறது. 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷம். முதலில் கள்ளச்சாராயக்காரர்கள், குண்டர்கள் என்று ஆரம்பித்தது. பிறகு மணல் கடத்தல், இணையக் குற்றம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இந்த வழக்குகளில் நான் பார்க்கும் கூத்து என்னவென்றால், ஹைகோர்ட்டில் உத்தரவு உடைவது 'இந்த ஆள் நிரபராதி' என்பதால் இல்லை. கொடுத்த நகலில் எழுத்துத் தெரியவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, இந்த மாதிரிக் காரணங்களால்தான். அதற்குள் ஆறேழு மாதம் போய்விடும்.

அரசியல் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. 22ஆம் பிரிவில் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறதல்லவா, தடுப்புக் காவலுக்கு அது பொருந்தாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. ஆலோசனைக் குழுமத்தின் முன் வைக்காமல் மூன்று மாதம் வைக்கலாம். அவசரநிலையில் விசாரணை இல்லாமல் ஆட்களை உள்ளே போட்ட மிசா சட்டத்தின் கொடுமைக்குப் பிறகு 1978இல் 44ஆவது திருத்தம் இந்த மூன்றை இரண்டாகக் குறைத்தது. பார்லிமென்ட் நிறைவேற்றியது, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இன்றுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. ஜனதாவும் இல்லை, காங்கிரஸும் இல்லை, பா.ஜ.க.வும் இல்லை. இதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒற்றுமை.

மலைக்காற்று:
சார், குண்டர் சட்டம் இல்லையென்றால் எங்கள் ஏரியாவில் இரண்டு பேர் இன்னும் வெளியே திரிவார்கள். சாட்சி சொல்ல எவனும் வர மாட்டான். அதையும் சொல்லுங்கள்.

உதகை வக்கீல்:
சொல்கிறேன் தம்பி, அது நிஜம். சாட்சி வராதது போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் உள்ள நோய். அதை வைத்தியம் பார்க்காமல் இருக்க ஒரு வசதியாகத்தான் இந்தச் சட்டம் பயன்படுகிறது. உன் ஏரியாவின் இரண்டு பேருக்காக எழுதிய அதே வரி, நாளைக்கு ஏதாவது போராட்டத்தில் மைக் பிடிப்பவன் மீதும் பாயும். பாய்ந்தும் இருக்கிறது.

1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, அவசரநிலையில் உயிருக்கான உரிமைக்குக்கூடக் கோர்ட் படி ஏற முடியாது என்று நாலுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னது. மறுத்த ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னாவுக்கு அடுத்த வருஷம் தலைமை நீதிபதி பதவி தட்டிப்போனது. அந்தத் தீர்ப்பு தப்பு என்று அதே கோர்ட் சொல்ல 2017 ஆனது. அந்தச் சமயத்தில் இங்கே என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேள். 1976 ஜனவரி 31இல் ஆட்சியைக் கலைத்த கையோடு மிசாவில் கூட்டம் கூட்டமாகத் தூக்கிப் போனார்கள். இன்றைக்குத் தலைவர்களாகப் பார்க்கும் சிலரும் அந்த லிஸ்டில் இருந்தவர்கள்.

சேரம்பாடி செல்வி:
சிறப்பு முகாம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். வழக்கில் ஜாமீன் கிடைத்த இலங்கை அகதியை, வெளிநாட்டவர் சட்டப்படி ஓர் உத்தரவு போட்டு மறுபடியும் உள்ளே வைக்கும் இடம். அங்கே முடிவுத் தேதி என்று ஒன்று கிடையாது. டல்லாஸ் அண்ணன் 'சண்டை முடியும்வரை' என்று எழுதினாரே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

மட்டுறுத்துநர்:
இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: ராணுவ வளாகம் எது, எந்த வாசல், எத்தனை மணிக்கு யார் காவல் என்ற விவரங்களை யாரும் எழுத வேண்டாம். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். செல்வி அக்காவைப் பார்த்து 'அந்த ஊருக்கே திரும்பிப் போ' என்று எழுதியவர் ஒரு மாதம் இங்கே எழுத முடியாது.

அருவங்காடு ரகு:
நன்றி மாடரேட்டர். சுபேதார் ஐயா, செல்வி கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே. அந்தத் 'தொந்தரவு இல்லை' காகிதத்தில் யாராவது கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார்களா?

ஜெகதளா சுபேதார்:
ஒருவர் மறுத்திருக்கிறார். நாகாலாந்தில் ஒரு மலை ஊர், நம் கீழ் கோத்தகிரி மாதிரியே இருக்கும். அந்த ஊரின் காவ்ன் புரா, அதாவது ஊர்த் தலைவர், வயசானவர், சிவப்புச் சால்வை போட்டிருந்தார். ஒரு பையனைப் பிடித்திருந்தோம். காகிதத்தை நீட்டினோம். 'பையனை தானாவில் விட்டதை என் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்' என்றார். எங்கள் மேஜர் சாப் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு ஜீப்பில் முன்சீட்டில் ஏறச் சொன்னார். தானாவில் பையனை உட்காரவைத்து, முன்ஷி, அதாவது ஸ்டேஷன் எழுத்தர், பதிவேட்டில் எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்த பிறகு, முன்ஷியின் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். திரும்பவும் ஊரில் கொண்டுபோய் விட்டோம்.

சேரம்பாடி செல்வி:
ஜீப்பில் ஏற்றிக்கொண்டது உங்கள் மேஜரின் குணம் ஐயா. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. வேறு மேஜராக இருந்திருந்தால் அந்தப் பெரியவர் கதி என்ன?

ஜெகதளா சுபேதார்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. ஆனால் ஒன்று சொல்வேன். 6ஆம் பிரிவை முழுக்க எடுத்துவிட்டால், ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வொரு ஜவானும் மணிப்பூர்க் கோர்ட்டுக்கு ரயில் ஏறிக்கொண்டே இருப்பான். பொய் வழக்கும் நிறைய வரும். அனுமதி கேட்டால் இத்தனை மாதத்துக்குள் தர வேண்டும், மறுத்தால் காரணம் எழுதி வெளியிட வேண்டும் என்று வையுங்கள். அதை நான் ஆதரிப்பேன்.

உதகை வக்கீல்:
சார், அந்தக் கடைசி இரண்டு வரியில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

குந்தா மாணவி:
எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சின்ன சந்தேகம். யாராவது நம் வீட்டு ஆளைப் பிடித்துப்போய் எங்கே இருக்கிறார் என்றே சொல்லவில்லை என்றால் நாம் உடனே என்ன செய்வது? ஆட்கொணர்வு மனுவுக்கு மதுரைக்குப் போக வேண்டுமா, சென்னையா? அப்பா, அம்மாதான் போட வேண்டுமா?

உதகை வக்கீல்:
நீலகிரிக்குச் சென்னை ஹைகோர்ட்தான் அம்மா, மதுரைக் கிளை இல்லை. அரசியல் சட்டம் 226ஆம் பிரிவு. அப்பா, அம்மா என்றில்லை, நண்பர்கூடப் போடலாம். ஆனால் சென்னைக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆள் காணவில்லை என்று தெரிந்த உடனே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடு. கடைசியாக எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், கூட்டிப்போனவர்கள் என்ன உடை, என்ன வண்டி, நம்பர் தெரிந்தால் நம்பர். அனுப்பிய நேரம் அதில் தானாகவே பதிவாகிவிடும். பிடித்த நேரத்தை எதிர்த்தரப்பு பிறகு மாற்றிச் சொன்னால் உன் கையில் இருக்கும் சாட்சி அந்த மின்னஞ்சல்தான். உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீதும் வாங்கு, தர மறுத்தால் பதிவுத் தபால்.

பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் வருஷத்துச் சட்டம் அது. ஊட்டி கோர்ட்டில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் என்றால் 15100.